எண்ணற்றவை

படிவத்தில் இரண்டே கட்டங்கள்:
இயற்கை. இரசாயனம்.
ஏதாவது ஒன்றில் புள்ளடி போடவேண்டும்.

முரசுமோட்டையில் சற்குணதேவியின் வல்லாரைப் பாத்தி.
மாட்டெரு, வேப்பம்புண்ணாக்கு,
மீன்தலையும் சர்க்கரையும் ஊறின வாளி.
"மருந்தெண்டு ஒரு துளி விழேல்ல பிள்ளை,
அப்பிடியே வாயில போடலாம்" என்றா.
கையுறை மாட்டி ஒரு பிடி அரிந்தேன்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் யேசுராசன்.
கிழிந்த யூரியாப் பையொன்று வேலியில் அடித்துக்கொண்டிருந்தது.
முதுகில் தாங்கி, மூக்கில் சாரத்துண்டு.
"எழுதுங்கோ, ஒளிக்க ஒண்டுமில்லை.
பூச்சி என்னட்டக் கேட்டே வருது?"
அங்கேயும் ஒரு பிடி.

சந்தையில் இன்னும் இரண்டு.
ஒன்றில் பேனையால் "இயற்கை" என்று எழுதிய மட்டை,
அந்த ஒரு சொல்லுக்கு முப்பது ரூபா கூட.

ஐஸ்பெட்டிக்குள் நாலும் குலுங்கி வந்தன.
இலையைப் பார்த்து எது எவருடையதென்று
என்னால் சொல்ல முடியவில்லை.

இருபத்தைந்து கிராம் நிறுத்து, அடித்துக் கரைத்து,
பத்தில் ஒன்றாய், நூறில் ஒன்றாய், ஆயிரத்தில் ஒன்றாய்
ஐதாக்கி
ஊதாநிறத் தட்டுகளில் பரப்பினேன்.
முப்பத்தேழு பாகை.
ஒரு மனித உடம்பின் சூட்டில் அவை படுத்தன.

பத்தரைக்குக் கரண்ட் போனது.
ஜெனரேற்றருக்கு டீசல் ஊற்றக்
காவலுக்கு நின்ற கபிலரூபனை எழுப்பினேன்.
"கிருமிக்குக் குளிருமோ அக்கா?"
குளிரும் தம்பி.

விடிய, மூடியைத் திறக்காமல்
யன்னல் வெளிச்சத்தில் தட்டைச் சரித்தேன்.
பொன்வண்டின் முதுகு.
அசைத்தால் உலோகமாய் மின்னுகிற பச்சை.
குடலுக்குள் குடியிருக்கிற ஒன்று
இவ்வளவு வடிவாய் இருக்குமென்று
எழுத அறிக்கையில் இடமில்லை.

சற்குணதேவியின் தட்டில் நாற்பத்தொன்று.
யேசுராசனுடையதில் முப்பத்தெட்டு.
சந்தைப் பிடிகள் இரண்டிலும்
எண்ணி எண்ணிக் கண் பூத்துப்போய்
வழக்கப்படி எழுதினேன்:
எண்ணற்றவை.
நட்சத்திரங்களுக்கு மட்டும்தான்
அந்தச் சொல்லை முன்பு வைத்திருந்தேன்.

அளவுநாடாவோடு திரும்பப் போனேன். ஒருவரும் போகச் சொல்லவில்லை.
சற்குணதேவியின் எருக்கும்பிக்கு வயது மூன்று கிழமை,
கைவைத்தால் இன்னும் சுட்டது.
யேசுராசனின் மலகூடக் குழியிலிருந்து கிணறு
இருபத்திரண்டு அடி.
வீட்டுத்திட்டத்தில் காணி அளந்தவர்கள்
கிணறு எங்கேயென்று கேட்கவில்லை.
கிணறு அப்போது மண்மூடிக் கிடந்தது.

சந்தையில் ஒரு நீல வாளி.
வாடின பிடியெல்லாம் அதற்குள் தோய்ந்து எழும்பும்.
மட்டை கட்டினதும் கட்டாததும்
ஒரே தண்ணீரில் முகம் கழுவும்.
"தெளிக்காட்டி ஆர் தங்கச்சி வாங்குவினம்?"
வியாபாரி கேட்டது நியாயம்.
பச்சையாய் நிமிர்ந்து நின்றதைப் பார்த்துத்தான்
நானும் வாங்கியிருந்தேன்.

படிவத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதினேன்:
எரு மூன்று கிழமை. குழிக்கும் கிணற்றுக்கும் இருபத்திரண்டடி. வாளி.
கணினி ஓரத்தை வாசிக்காது, அழித்துவிடு என்றார் பொறுப்பாளர்.
அழித்தேன். பென்சில் தடம் மட்டும் பள்ளமாய் நிற்கிறது.

வீட்டில் இப்போது வல்லாரைச் சம்பல் இல்லை.
வறைதான்.
சட்டியில் வதங்கி ஒரு கைப்பிடியாய்ச் சுருங்குகிறது.
"முந்தின ருசி எங்க?" என்கிறார் மனுசன்.
உப்பைத் தள்ளி வைக்கிறேன்.

வெள்ளிக்கிழமை தொலைபேசி.
"பிள்ளை, என்ர கீரை பாஸோ?"
"எருவை இன்னும் ரெண்டு மூண்டு மாசம் உக்கவிடுங்கோ அக்கா."
"அப்ப, யேசுராசன்ர?"
ஒருவருடையதை மற்றவருக்குச் சொல்லக் கூடாது.
கையெழுத்து வைத்திருக்கிறேன்.
"அதைக் கேக்காதேங்கோ."

வாய்க்கால் சத்தம் கேட்டது.
பிறகு அவவின் குரல், தணிந்து:
"அவன்ர சின்னனுக்கு நாலு நாளா வயித்தாலடி.
அதுதான் கேட்டனான்."

"கிணத்துத் தண்ணியக் கொதிக்க வைக்கச் சொல்லுங்கோ"
என்றேன்.
"இண்டைக்கே. இப்பவே போங்கோ."